ஆத்துல போட் டின்னர்: பேங்காக்கா, பணஜியா, அகமதாபாத்தா, இல்ல நம்ம மும்பை கேட்வேயே போதுமா?

வர்ற ஜனவரில அப்பா அம்மாவுக்கு 40வது கல்யாண நாள். செம்பூர்ல ஹால் புடிச்சு, கேட்டரிங் சொல்லி, திருநெல்வேலில இருந்து நாலு பேர வரவழைச்சு சாம்பார் ஊத்தலாம்னுதான் முதல்ல பேச்சு. டோம்பிவிலில இருந்து அத்தான் போன் போட்டு, "மாப்ள, ஹாலெல்லாம் வேணாம்யா, எல்லாரையும் ஒரு போட்ல ஏத்தி சாப்பாடு போட்டு இறக்கு, அத்தை மாமா இதுவரைக்கும் போட்டே ஏறினதில்ல"ன்னு கொளுத்திப் போட்டுட்டாரு. நான் ஆபீஸ் வேலை, சொந்தக்காரங்க வீடு, ஒரு பேங்காக் ட்ரிப்னு வேற வேற சமயத்துல நாலு இடத்துலயும் ஏறி இறங்கினவன், அதனால குடும்பத்துல இதுக்கு நான்தான் எக்ஸ்பர்ட்.

மும்பைல ஆறே இல்லையான்னு கேக்காதீங்க, இருக்கு. மித்தி. விஹார் ஏரியும் பவாய் ஏரியும் வழிஞ்சு வர்ற தண்ணி, 18 கிலோமீட்டர் போல ஓடி மாஹிம் பக்கம் கடல்ல கலக்குது. 2005 ஜூலை 26ம் தேதி சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டினப்ப, கரையோரத்துல இருந்த சனங்களுக்கு அது வீட்டுக்குள்ளயே வந்து அறிமுகம் ஆயிடுச்சு. அதுல டின்னர் குரூஸ் விட்டா ஒரு கை மூக்குக்கு, ஒரு கை சாப்பாட்டுக்கு, அப்பளத்தை எதால எடுக்கன்னு யோசிக்கணும். அதை விட்டுடுவோம்.

மத்த நாலையும் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன், ஏன்னா நெட்ல எல்லாரும் புஃபேல எத்தனை ஐட்டம்னுதான் கம்பேர் பண்றாங்க, அது தப்பான கேள்வி. போட்ல சாப்பாடு எப்பவுமே தோக்கும். பெரும்பாலும் எங்கயோ சமைச்சு ஏத்தினது, சூடு பண்ற ட்ரேல காத்துக்கிட்டு இருக்கும், இருநூறு பேரு ஒரே நேரத்துல தட்டத் தூக்குவாங்க. அதனால நான் பார்க்கிறது மூணுதான்: கரை எவ்ளோ கிட்டக்க இருக்கு, சூரியன் எந்தப் பக்கம் இறங்குது, எங்கம்மா முட்டி வலியோட ஏற முடியுமா.

பேங்காக்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா மத்ததெல்லாம் இதைப் பார்த்து காப்பி அடிச்சதுதான். சாவ் பிரயா ஆறு ஊருக்கு நடுவுல போகுது, அரண்மனை, கோயில், சர்ச், ஹோட்டல் எல்லாம் தண்ணியப் பார்த்தே கட்டியிருக்காங்க, அதனால போட்ல இருந்து பார்த்தா ஊரோட முன்பக்கம் தெரியும், நம்ம ஊர் ஆறுகள்ல மாதிரி கொல்லைப்புறம் இல்ல. ரிவர் சிட்டி, 2018ல திறந்த ஐகான்சயாம் மால், ஏசியாட்டிக், இந்த மூணு இடத்துல இருந்துதான் பெரும்பாலான டின்னர் போட் எல்லாம் கிளம்பும், ரெண்டு மணி நேரம் போல, ராமா 8 பாலம் வரைக்கும் போய்ட்டு திரும்பிடும். வாட் அருண் கோயில் கோபுரம் தண்ணிக்குப் பக்கத்துலயே விளக்கு போட்டு நிக்கும், அதப் பார்த்ததும் எம்பொண்டாட்டி அஞ்சு நிமிஷம் பேசவே இல்லை, அது எங்க வீட்டு ரெக்கார்டு.

ஆனா நாங்க ஏறின போட்ல நடந்ததக் கேளுங்க. புக் பண்றப்ப ஏசி டெக்கு, ஓப்பன் டெக்குன்னு ரெண்டு ஆப்ஷன், வேர்க்குமேன்னு ஏசி எடுத்தோம். பெரிய தப்பு. ராத்திரி உள்ள பளிச்சுனு லைட்டு, வெளிய இருட்டு, கண்ணாடில தெரிஞ்சது என் மூஞ்சியும் எனக்குப் பின்னாடி புஃபேக்கு நிக்கிற க்யூவும்தான். காசு குடுத்து என் மூஞ்சிய நானே ரெண்டு மணி நேரம் பார்க்கணுமா. அப்புறம் இன்னொண்ணு, ஐகான்சயாம்ல கிளம்பினா கொஞ்ச நேரத்துலயே வாட் அருண் வந்துடும், கரெக்டா அப்பதான் போட்ல இருக்கிற சனம் மொத்தமும் தட்டோட க்யூல நிக்குது, நானும் நின்னேன், இறால் காலியாயிடுமேன்னு, இறால் கிடைச்சுது, ஆறிப்போயி. திரும்பி வர்றப்ப இதே கோயில் இதே அரண்மனை மறுபடி வரும்ங்கறது எனக்கு அப்பத் தெரியாது. தெரிஞ்சவங்க போகும்போது பார்த்துட்டு வரும்போது சாப்பிடுவாங்க, இல்ல போகும்போது சாப்பிட்டுட்டு வரும்போது மேல ஏறி நிப்பாங்க, ரெண்டையும் ஒண்ணா செய்யப் பார்த்தா என் கதைதான்.

நம்ம ஆளுங்களுக்குன்னே இந்தியன் புஃபே, இந்திப் பாட்டுன்னு ஓடுற போட்டும் இருக்கு. சைவம் சாப்பிடுறவங்க இருந்தா அதுதான் நிம்மதி, ஆனா தாய்லாந்து வரைக்கும் போய் பனீர் பட்டர் மசாலாவும் டிஜேவுமா, அதுக்கு நவி மும்பைல ஒரு ரிசப்ஷனுக்குப் போனாப் போதுமே. தலைக்கு ரூபால ஒரு 3000 கிட்ட ஆச்சு. சும்மா ஆறு மட்டும் பார்க்கணும்னா ஆரஞ்சுக் கொடி கட்டின எக்ஸ்பிரஸ் போட் இருக்கு, ஊர்க்காரங்க வேலைக்குப் போய் வர்றது, நாங்க போனப்ப டிக்கெட் 16 பாட் (தாய்லாந்துக் காசு), சாயங்காலம் அதுல நின்னுக்கிட்டே போனா வாட் அருணுக்குப் பின்னாடி சூரியன் இறங்கறது தெரியும், ஏன்னா கோயில் மேற்குக் கரைல இருக்கு. சாப்பாடு கிடையாது, உக்கார இடமும் அதிர்ஷ்டம்தான், இருந்தாலும் எனக்கு அந்த டின்னர் போட்டை விட இதுதான் மனசுல நிக்குது.

அம்மாவக் கூட்டிட்டுப் போனா ஆத்தை விட சீலோம் ரோட்டு மாரியம்மன் கோயில்தான் புடிக்கும்னு நினைக்கிறேன். 1870கள்ல நம்ம தமிழ் ஆளுங்க கட்டினது, தாய்க்காரங்க வாட் கேக்னு சொல்லுவாங்க, நம்மள விட அவங்கதான் அதிகமா மாலை வாங்கிட்டு நிக்கிறாங்க. ஆனா ஒரு சாயங்காலச் சாப்பாட்டுக்கு எட்டுப் பேரோட ஃபிளைட் டிக்கெட்டா? அப்பா ஒரே வார்த்தைல முடிச்சுட்டாரு, "எதுக்கு?"

அகமதாபாத் சீக்கிரம் சொல்லிடறேன். சபர்மதில 2023 ஜூலைல ஒரு ரிவர் குரூஸ் ரெஸ்டாரண்ட் விட்டாங்க, கீழ ஏசி, மேல ஓப்பன், சர்தார் பாலத்துக்கும் காந்தி பாலத்துக்கும் நடுவுல போய் வரும். மணிநகர்ல எங்க சித்தி வீடு இருக்கு, அந்தப் பக்கம் தமிழ்க் குடும்பம் நிறைய, சித்திதான் கூட்டிட்டுப் போச்சு. நல்லதுன்னா ஆடவே ஆடாது, ஏன்னா அது ஓடுற ஆறே இல்ல, நர்மதா கால்வாய்ல இருந்து தண்ணி விட்டு, வாஸ்னா தடுப்பணைல தேக்கி வெச்சிருக்காங்க, ஏறக்குறைய நீளமான குளம். வாந்தி வர்றவங்க தைரியமா ஏறலாம். குஜராத்ல மதுவிலக்குங்கறதால குடிச்சுட்டு சலம்பல் பண்ற கூட்டம் கிடையாது, சாப்பாடு சைவம், பெரியவங்க நிம்மதியா இருப்பாங்க. 1892ல கட்டின எல்லிஸ் பாலம், 2022ல திறந்த அடல் நடைபாலம் ரெண்டையும் அடில இருந்து பார்க்கலாம், நடைபாலம் ராத்திரி கலர் மாத்திக்கிட்டே இருக்கும். கரைதான் எனக்கு ஒட்டல. ரெண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி வெச்சிருக்காங்க, கீழ உக்காந்தா சுவரு, மேல போனா சுவரும் பூங்காவும். ஊரு தண்ணிக்குத் தோள் காட்டிட்டு நிக்கிற மாதிரி இருக்கும். சித்தி வீட்டுக்குப் போற சாக்குல போகலாம், இதுக்குன்னே வந்தே பாரத்ல அஞ்சரை மணி நேரம் உக்காந்து போக மாட்டேன்.

இப்ப நம்ம கேட்வே ஆஃப் இந்தியா. 1924 டிசம்பர்ல திறந்த வாசல், நூறு வருஷம் தாண்டிடுச்சு, எங்க தாத்தா பம்பாய்க்கு வந்த காலத்துல இருந்து ஊர்ல இருந்து யார் வந்தாலும் அங்க நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்தாத்தான் ஊர் பார்த்த கணக்கு. அங்க இருந்து ஹார்பர் ரவுண்டு அடிக்கிற போட்டு, வாடகைக்கு யாட், அதுல கேக் வெட்டுறது, சாப்பாடு ஏற்பாடு எல்லாம் உண்டு. ஆனா "சன்செட் குரூஸ்"னு போர்டு போட்டிருக்கிறதப் பார்த்தா எனக்கு சிரிப்பு வரும், ஏன்னா ஹார்பர் ஊருக்குக் கிழக்குப் பக்கம். சூரியன் தண்ணில விழாது, தாஜ் ஹோட்டலுக்குப் பின்னாடி விழும். அது நல்லா இல்லைன்னு சொல்லல, கேட்வேயும் தாஜ் குமிழும் கறுப்பா நிக்க பின்னால வானம் ஆரஞ்சாகுறது போட்ல இருந்தாத்தான் தெரியும். அந்த இருபது நிமிஷம் தங்கம். இருட்டினதும் அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, கரை தூரமாயிடும், தூரத்துல நிக்கிற கப்பலோட ரெண்டு விளக்கு, டீசல் வாசனை, அவ்ளோதான். ஆத்துக்கு ரெண்டு கரை, கடலுக்கு ஒரே கரை, டின்னர்னு வந்தா அந்த வித்தியாசம் நல்லாத் தெரியும்.

அதை விட பெரிய பிரச்சினை ஏறுறது. கேட்வே படிக்கட்டு, தண்ணி இறங்கியிருந்தா பாசி புடிச்ச படி வெளிய வரும், யாட்டுன்னா பல சமயம் சின்ன போட்ல ஏறி நடுத் தண்ணில அதுக்கு மாறணும், ரெண்டும் ரெண்டு தாளத்துல ஆடும், அம்மாவ நினைச்சாலே எனக்கு வயித்தக் கலக்குது. 2024 டிசம்பர்ல எலிஃபன்டா தீவுக்குப் போன போட் மேல நேவி ஸ்பீட்போட் மோதி பத்துப் பேருக்கு மேல செத்ததுக்கு அப்புறம் லைஃப் ஜாக்கெட் விஷயத்துல கெடுபிடி அதிகம். ரொம்ப நல்லது, ஆனா அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டோட பட்டுப்புடவைல யார் கல்யாண நாள் போட்டோ எடுப்பாங்க, சொல்லுங்க.

மும்பைலயேதான் வேணும்னா நான் சொல்றது பாவுச்சா தக்கா படகுத்துறைல இருந்து அலிபாக் பக்கம் இருக்கிற மாண்ட்வா போற ரோ ரோ கப்பல். 2020 மார்ச்ல ஆரம்பிச்சது, கார் உள்ளேயே ஏறும், அம்மா ஆடாம நடந்து போய் ஏறலாம், ஒரு மணி நேரம், பெரிய கப்பல்ங்கறதால ஆட்டமும் கம்மி. சாயங்காலம் ஒண்ணுல போய் அடுத்ததுல திரும்பி வந்தா அதுதான் குரூஸ், யாரும் மைக்க புடிச்சு "ஆர் யூ ரெடி மும்பை"ன்னு கத்த மாட்டாங்க. டின்னர் மாட்டுங்கா போய் சாப்பிடுங்க. கேட்வேலயே சின்ன ரவுண்டு அடிச்சாலும் அதேதான், டாக்ஸி புடிச்சு சிஎஸ்எம்டி, அங்க இருந்து ஸ்லோ லோக்கல், சூடா ரவா தோசையும் ஃபில்டர் காபியும். எந்தப் போட்லயும் அந்தத் தோசை வராது. மழைக்காலத்துல மட்டும் கேட்வே பக்கம் தலை வைக்காதீங்க, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மாண்ட்வா போற சின்ன போட்டெல்லாம் நிறுத்திடுவாங்க.

மிச்சம் பணஜி. எங்க வீட்டுல ஓட்டு இதுக்குத்தான் விழுந்துச்சு. மாண்டவி ஆறு மேற்கால ஓடி அரபிக்கடல்ல சேருது, அதனால சாயங்கால போட்டு கிளம்பினா நேரா சூரியனப் பார்த்தே போகும், பேங்காக்லகூட இது கிடையாது. சாந்தா மோனிகா ஜெட்டில இருந்து ஒரு மணி நேர ட்ரிப், நான் போனப்ப தலைக்கு 500 ரூபா சுத்தி. ஜெட்டி மட்டத்துல பலகை போட்டிருப்பாங்க, கை புடிச்சா அம்மா ஏறிடும். மேடைல தேக்னி, ஃபுக்டி, போர்த்துகீசியர் காலத்து கோரிதின்யோன்னு வரிசையா ஆடுவாங்க, நல்லாவே இருக்கும், நடுவுல டிஜே புகுந்து முதல்ல குழந்தைங்க வாங்க, அடுத்து கப்பிள்ஸ் வாங்கன்னு மேடைக்கு ஏத்துவாரு. போன தடவை என் பக்கத்துல இருந்த கோலாப்பூர்த் தாத்தா அந்த கப்பிள்ஸ் ரவுண்டுல ஆடின ஆட்டத்தப் பார்த்துட்டுத்தான் அப்பாவையும் இங்க கொண்டு வரணும்னு எனக்கே தோணுச்சு. ஸ்பீக்கருக்குப் பக்கத்துல மட்டும் உக்காராதீங்க, நான் ஏறின போட்ல அது என் தலைக்கு மேலயே இருந்துச்சு, ராத்திரி வரைக்கும் காது ஙொய்ங்னுச்சு.

டின்னர் குரூஸும் இருக்கு, ராத்திரி ரெண்டு மணி நேரம். அதை எடுக்காதீங்கன்னுதான் சொல்லுவேன். இருட்டினா மாண்டவில தெரியறது நங்கூரம் போட்டு நிக்கிற கேசினோ கப்பல்களோட விளக்குதான், அது பாலத்துல நின்னு பார்த்தாலே தெரியும், ஓசி. சூரியன் இறங்குற ட்ரிப்ல போய்ட்டு, இறங்கி, ஃபோன்டெய்னாஸ்ங்கற பழைய போர்த்துகீசியத் தெருக்கள் பக்கம் நடந்து போய் மீன் தாலியும் சோல்கடியும் (கோகம், தேங்காப்பால் போட்ட பானம்) சாப்பிடுங்க. மீன் விஷயத்துல எங்கப்பாவத் திருப்திப்படுத்துறது சாதாரண விஷயம் இல்ல, தூத்துக்குடிக்குப் பக்கத்து ஆளு, அவரே போன தடவை பார்சல் கொண்டு வந்து குடுத்ததை குறை சொல்லாம தின்னாரு.

போறதுக்கு வந்தே பாரத் வேகம், ஆனா நாங்க மாண்டவி எக்ஸ்பிரஸ்லதான் போட்டிருக்கோம், பேரும் ஆத்தோட பேரு, அந்த ட்ரெயின்ல சாப்பாடு நல்லா இருக்கும்னு கொங்கண் பக்கம் முழுக்க பேரு, போட் புஃபேல மிஸ் ஆனத இங்கயே ஈடு கட்டிடலாம். மட்காவ் வரைக்கும் போகாதீங்க, கர்மாலில இறங்கினா பணஜி பக்கம். போட்ல ஏறினதும் மேல் டெக்ல வலது பக்கம் சேர் புடிச்சிடுங்க, கடலைப் பார்த்துப் போகும்போது ரெய்ஸ் மாகோஸ் கோட்டை அந்தப் பக்கம்தான் வரும், இடது பக்கம் உக்காந்தவங்க அதப் பார்க்க எழுந்து வந்து உங்க முன்னாடி நின்னு மறைப்பாங்க, அதனால கம்பி ஓரத்து சேர்.