அப்பமும் ரசமும் அடைத்த குவளை: ஒரு மதிப்புரை

காரைக்குடிப் பக்கம் உள்ள எங்கள் சிறிய கிறிஸ்தவ சபையில், இயேசுவின் கடைசி இராவிருந்தை நினைவுகூர்ந்து அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து மேசையை ஆயத்தம் செய்யும் பொறுப்பு என்னுடையது. அப்பமும் திராட்சரசமும் சேர்த்து அடைத்த குவளைகளை இணையக் கடை ஒன்றில் வாங்கிப் பயன்படுத்தியதில் கண்டவற்றை, வாங்க எண்ணும் சபைகளுக்காக எழுதுகிறேன். பெட்டிக்கு 100 குவளைகள் வருகின்றன. மேலுள்ள மெல்லிய மூடியை உரித்தால் வட்டமான சிறு அப்பமும், அதன் கீழுள்ள தகட்டு மூடியை உரித்தால் ரசமும் கிடைக்கும். 2020இல் பெருந்தொற்று பரவியபோது, பொதுக் கிண்ணத்துக்கு அஞ்சிய சபைகள் பல இதற்கு மாறின.

அப்பம் புளிப்பில்லாதது, நாவில் வைத்ததும் கரைந்துவிடுகிறது, சுவை என்று சொல்ல ஒன்றுமில்லை. ரசம் என்பது புளிக்காத திராட்சைச் சாறு. 1869இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற, மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த பல் மருத்துவர், திருவிருந்துக்காகவே சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காத்த முறையின் வழிவந்தது இது. ஆகவே மது கூடாது என்னும் சபைகளுக்குத் தடையில்லை. கத்தோலிக்கத் திருப்பலிக்குக் கோதுமை அப்பமும் புளித்த திராட்சை இரசமுமே விதி என்பதால், அவர்களுக்கு இது பயன்படாது.

இரண்டு மூடிகளின் நுனிகளும் ஒட்டிக்கொண்டிருப்பதால், விரல் நடுங்கும் முதியவர்கள் ஒன்றை இழுக்க இரண்டும் சேர்ந்து கிழிந்து, சாறு வெள்ளைச் சேலையிலும் வேட்டியிலும் சிந்துகிறது. ஜெபத்தில் அமைதி நிலவ வேண்டிய வேளையில் ஆலயமெங்கும் தகடு கிழியும் ஓசை கேட்கிறது.

மூடியைத் திருத்தினாலும் தீராத குறை வேறொன்று இருக்கிறது. ஒரே அப்பத்தில் பங்குபெறுவதால் பலராகிய நாம் ஒரே சரீரமாயிருக்கிறோம் என்று, வேதாகமத்தில் கொரிந்து நகரச் சபையாருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் (கடிதத்தின்) 10ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் சொல்கிறார். அதனால்தான் ஆயர் (சபையின் போதகர்) அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் செலுத்தி, பிட்டு, கொடுக்கிறார். அடைத்த குவளையில் பிட்பதற்கு ஒன்றுமில்லை. கொடுப்பதற்கு ஒரு கை கூடத் தேவையில்லை, வாசலில் இருக்கும் கூடையிலிருந்து அவரவரே எடுத்துக்கொண்டு போய் அமர்ந்துவிடலாம். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தத்தம் உணவை உண்ண, இல்லாதவர்கள் பசித்திருந்ததைக் கடிந்துகொண்ட பவுல், ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொன்னார். இந்தக் குவளையால் யாரும் பசித்திருக்கப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அவரவர் விருந்தை அவரவர் முடித்துக்கொள்ளும் பழைய வழக்கம் வேறு உருவில் திரும்பிவிடுகிறது. பந்திக்கு வந்தவர் கையில் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினால், அதை விருந்து என்று செட்டிநாட்டில் யார் ஒப்புக்கொள்வார்?

தனிக் குவளையே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் மரபினரும் மற்றவர்களும் ஒன்றுகூடி 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில், ஒரே கிண்ணத்தில் பருகுவோரும் உண்டு, சிறு குவளைகளில் பெறுவோரும் உண்டு. இரண்டிலும் அப்பம் எல்லார் முன்பும் பிட்கப்படுகிறது, வரிசையாக முழங்காற்படியிட்டவர்களுக்கு ஒருவர் கையால் வழங்கப்படுகிறது. மீந்ததை ஆராதனைக்குப் பின் பயபக்தியுடன் உட்கொள்வதும் எங்கள் வழக்கம். அடிச் சொட்டு ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் குவளைகளைக் குப்பைக் கூடையில் கொட்டுவதற்கு எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

படுக்கையில் இருக்கும் நோயாளிகளின் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் ஆயர் செல்லும்போது மட்டும் இது நன்றாக உதவுகிறது. புட்டியும் பாத்திரங்களும் சுமக்க வேண்டியதில்லை, தூய்மை பற்றிய கவலையும் இல்லை. மூடிகளை ஆயரே உரித்துக் கொடுத்துவிட்டால் சிந்தவும் சிந்தாது. காலாவதித் தேதியைப் பார்த்து, ஒரு பெட்டிக்கு மேல் வாங்காதிருப்பது நல்லது.

ஞாயிறு ஆராதனைக்கு எவர்சில்வர் தட்டும் கண்ணாடிக் குவளைகளுமே போதும். முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பித்தளையும் பீங்கானும் குவிந்து கிடக்கும் இந்த ஊரில், அந்தத் தட்டுக்கு மட்டும் நாங்கள் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. அடைத்த குவளைக்கு என் மதிப்பெண், நோயாளி வீட்டுக்கு ஐந்துக்கு நான்கு, ஆலயத்துக்கு ஒன்று.