மக்காச்சோளத் தட்டையும் மூன்று கோடையும்

பங்குனிக்கு மேல் எங்கள் கரிசலில் பச்சை என்று ஒன்றும் மிஞ்சாது. என் 40 பொட்டு ஆடுகளுக்கும் (வேம்பூர் செம்மறிதான்) படப்பில் கிடக்கும் மக்காச்சோளத் தட்டையே கதி. வயிறு முட்டத் தின்றும் விலா எலும்பு தெரியும். தட்டையில் புரதம் சொற்பம். நாரைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களே வயிற்றுக்குள் பட்டினி கிடந்தால் ஆடு எங்கே தேறும்?

முதல் கோடையில் கடலைப் புண்ணாக்கு. ஊறவைத்து ஆட்டுக்கு 100 கிராம். ஒரே வாரத்தில் தட்டை மிச்சம் விழாமல் காலியானது. விலைதான் கட்டவில்லை. இப்போது நிறைசினைக்கும் ஈன்ற ஆட்டுக்கும் மட்டும்.

அடுத்த கோடையில் யூரியாத் தட்டை. வயிற்று நுண்ணுயிர்களுக்கு யூரியாவும் ஒரு தீனி. நறுக்கிய தட்டை 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மிதித்து அமுக்கி, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் 21 நாள் மூடினேன். பிரித்தால் கண் எரியும். ஓர் இரவு ஆறவிட்டுத்தான் போட வேண்டும். இரண்டு நாள் மோந்து பார்த்துவிட்டுப் போன ஆடுகள், பழகியபின் தண்டைக்கூட விடவில்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளை அண்டவிடுவதில்லை.

இதில் ஒரு பெட்டையை இழந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. மிச்சக் கரைசலை வாளியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். தாகத்தில் வந்த ஆடு குடித்துவிட்டது. நடுக்கம், நுரை, உப்பசம்... டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. உடனே வினிகர் புகட்டியிருக்கலாம் என்றார். இப்போது கொட்டகையில் ஒரு பாட்டில் தொங்குகிறது.

தாது உப்பு வாங்கினால் செம்மறிக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். மாட்டுக்கானதில் தாமிரம் கூடுதல். செம்மறிக்கு அது ஈரலில் சேர்ந்து ஆளையே முடித்துவிடும்.

காசில்லாமல் கிடைத்தது சீமைக்கருவேல் நெற்று. இனிப்புக்கு ஆடுகள் சண்டை போடும். ஆனால் முழு நெற்றைத் தின்றால் விதை புழுக்கையோடு வந்து, கிடை போட்ட புஞ்சையெல்லாம் முளைக்கும். பக்கத்துப் புஞ்சை அண்ணாச்சி ஒரு மழைக்காலம் முழுக்க என்னோடு பேசவில்லை. காயவைத்து விதை உடைய இடித்துப் போட்டால் அந்த வம்பு இல்லை, விதையில் உள்ள புரதமும் வீணாகாது.

இந்தக் கோடைக்குப் பெரிய ஆடுகளுக்கு யூரியாத் தட்டை, சாயங்காலம் ஒரு கை நெற்றுத் தூள். கிணற்றடியில் வேலிமசால் என்ற தீவனப் பயிர் விதைத்திருக்கிறேன். அதை என் ஆடுகளிடமிருந்து காப்பதுதான் இப்போது பெரும்பாடு.