கோய் தொட்டியும் சோடா உப்பும்: மூன்று வருட அனுபவம்

என் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (அமில-கார அளவு), கே.எச். (பி.எச்.சை ஆடாமல் தாங்கிப் பிடிக்கிற காரத்தன்மை) என்று ஐந்து சோதனைக்கான சொட்டு மருந்து பாட்டில்கள் உண்டு. இதில் கே.எச். பாட்டிலின் சீலை இரண்டு வருடத்துக்கு மேல் நான் உடைக்கவே இல்லை. உடைத்திருந்தால் ஒரு கோஹாகு (வெள்ளையில் சிவப்புத் திட்டு உள்ள கோய் மீன்) இன்றைக்கும் நீந்திக்கொண்டிருக்கும்.

இருப்பது கோயம்புத்தூர். வீட்டுக்குப் பின்னால் 12க்கு 6 அடி, 4 அடி ஆழத்தில் சிமென்ட் தொட்டி, 8,000 லிட்டர் சொச்சம் பிடிக்கும். போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு என்பதால் தொட்டிக்குச் சிறுவாணித் தண்ணீர்தான். கோஹாகு போவதற்கு முன் மீன் 12. ஃபில்டர் என் கைவேலை: 200 லிட்டர் நீல டிரம், அதற்குள் 50 லிட்டர் கே1 மீடியா (குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் சக்கரங்கள்), அடியில் ஏர் பம்ப்பின் காற்று. விலை உயர்ந்த ஃபில்டரைப் பார்த்துவிட்டு இதைச் செய்தேன், மூன்று வருடத்தில் வருத்தப்படவில்லை. கழுவும்போது குழாய்த் தண்ணீரில் மட்டும் காட்டிவிடாதீர்கள், குளோரின் பட்டால் அதில் ஒட்டியிருக்கிற பாக்டீரியா போய்விடும்.

நைட்ரஜன் சுழற்சி பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீன் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகத்தான் வெளியே விடுகிறது, கழிவு வழியாக வருவது கொஞ்சம்தான். ஃபில்டரில் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம், நைட்ரேட்டைத் தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். நான் இரண்டே மீனோடு ஆரம்பித்தேன். இரண்டாவது வாரம் அம்மோனியா ஏறி அதன் சோதனைக் குழாய் பச்சையானது, நாலாவது வாரம் நைட்ரைட் ஏறி அதன் குழாய் நல்ல ஊதா, ஏழாவது வாரம் இரண்டும் பூஜ்ஜியம். நைட்ரைட் ஏறியிருந்தபோது 1,000 லிட்டருக்கு 1 கிலோ கணக்கில் கல் உப்பு போட்டேன். உப்பில் இருக்கிற குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போவதைத் தடுக்கும். கடையில் தலையில் கட்டிய பாக்டீரியா பாட்டிலால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அதற்கப்புறம் ஏறக்குறைய இரண்டு வருடம் எல்லாமே நன்றாகப் போனது. பி.எச். எப்போது பார்த்தாலும் 8.2 பக்கம். நான் ஏதோ பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் என் தொட்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது சுவரில் இருந்த புது சிமென்ட்தான். அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

மூன்றாவது கோடையில் தொட்டி ஒழுகியது. மீனையும் மீடியாவையும் வேறு டப்பில் காற்றோடு வைத்துவிட்டு, உள்பக்கம் முழுக்க எஃப்.ஆர்.பி. (கண்ணாடியிழையும் ரெசினும்) கோட்டிங் அடித்தோம். அருமையான வேலை, இன்றுவரை ஒரு சொட்டு கசியவில்லை. சிமென்ட்டிலிருந்து வந்த சுண்ணாம்பும் அன்றோடு நின்றது. சிறுவாணி குடிக்க இனிக்கும் தண்ணீர், காரணம் அதில் தாது உப்பு குறைவு, காரத்தன்மையும் குறைவு. அதைத்தான் கே.எச். பாட்டில் அளக்கும். அந்த ஆடியிலேயே காலையில் பி.எச். 6.8, சாயங்காலம் 8.4 என்று ஆட ஆரம்பித்தது. கிட் பழசாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன். பாசி பகலில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் சாயங்காலம் பி.எச். ஏறும், தாங்கிப் பிடிக்கக் காரத்தன்மை இல்லாவிட்டால் இப்படி ஊஞ்சல்தான் ஆடும்.

ஐப்பசியில் நாலு நாள் அடைமழை. மொட்டை மாடித் தண்ணீரும் தொட்டிக்குள்ளேதான் விழும், தொட்டி ரொம்பி வழிந்துகொண்டே இருந்தது. மழைத் தண்ணீரில் காரத்தன்மை என்று ஒன்றும் கிடையாது. ஐந்தாவது நாள் காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி, மீன்கள் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு அடியில் படுத்திருக்கின்றன. தீனி போட்டேன், ஒன்றுகூட மேலே வரவில்லை. அம்மோனியா 4 பிபிஎம் (லிட்டருக்கு 4 மில்லிகிராம்). பி.எச். அட்டையில் இருக்கிற கடைசி நிறம், 6.0. அப்போதுதான் கே.எச். பாட்டிலைப் பிரித்தேன். சொட்டு விட்டதும் நீலமாகி, எத்தனையாவது சொட்டில் மஞ்சளாகிறதோ அதுதான் அளவு. எனக்கு நீலமே வரவில்லை, முதல் சொட்டிலேயே மஞ்சள்.

பி.எச். அவ்வளவு கீழே போனால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். சரி, பி.எச்.சை ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அரைக் கிலோ சோடா உப்பை ஒரே வாளியில் கரைத்து ஊற்றினேன். செய்யக்கூடாதது அதுதான். பி.எச். 6இல் இருக்கும்போது அந்த 4 பிபிஎம்மில் முக்கால்வாசிக்கு மேல் என்ன, ஏறக்குறைய முழுக்கவே அம்மோனியம் என்கிற வேறு வடிவம், மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. பி.எச். ஒரு எண் ஏறினால் விஷமான அம்மோனியா பத்து மடங்காகும். சாயங்காலம் என் தொட்டியில் 7.8. அதாவது விஷம் 60 மடங்கு கூடியிருக்கிறது, அதுவும் என் கையால். மீன்கள் துள்ளின, அப்புறம் தண்ணீர் விழும் இடத்தில் கூடி வாயைத் திறந்து திறந்து மூடின. இருட்டுகிற நேரத்தில், குழாய்த் தண்ணீரின் குளோரினைப் போக்கத் தயோசல்பேட் போட்டு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினோம். விடிவதற்குள் பெரிய கோஹாகு போய்விட்டது. மற்ற 11 பிழைத்தன. தீனியை நிறுத்தி, தினமும் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, அம்மோனியா பூஜ்ஜியமாக 12 நாள் ஆனது. முதலில் தண்ணீர் மாற்றி அம்மோனியாவைக் குறைத்துவிட்டு, அப்புறம் 50 கிராம் 50 கிராமாகச் சோடா போட்டிருக்க வேண்டும்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தினம் 100 கிராம் தீனி, 38 சதவீதம் புரதம். அதிலிருந்து சுமார் 3 கிராமுக்கு மேல் அம்மோனியா நைட்ரஜன் வரும். ஒவ்வொரு கிராமையும் நைட்ரேட்டாக்க பாக்டீரியாவுக்கு 7 கிராம் காரத்தன்மை வேண்டும். ஆக ஒரு நாளைக்கு 20 கிராமுக்கு மேல் காலி. என் தொட்டியில் கே.எச். 3 இருந்தால் மொத்தக் கையிருப்பே 400 கிராம் பக்கம்தான், மூன்று வாரம்கூடத் தாங்காது. மழை இந்தக் கணக்கைச் சீக்கிரம் முடித்து வைத்தது, அவ்வளவுதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் கே.எச். சோதனை. 4க்குக் கீழே போனால் சோடா உப்பு, ஒரு எண் ஏற 1,000 லிட்டருக்கு 30 கிராம், அதுவும் இரண்டு மூன்று நாளாகப் பிரித்து. சலவைச் சோடா வேறு சாமான், அது வேண்டாம். மாதம் இரண்டு கிலோ வாங்குவதைப் பார்த்து மளிகைக் கடைத் தம்பி, "போண்டாக் கடை ஏதாச்சும் போட்டுட்டீங்களாங்ணா?" என்று கேட்டான்.

மற்ற சாமான்கள்: யு.வி. விளக்கு பச்சைத் தண்ணீரைப் பத்து நாளில் தெளிய வைத்தது, அம்மோனியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏர் பம்ப்பை இன்வெர்ட்டரில் போட்டது நல்ல முடிவு, மின்சாரம் போய்க் காற்று நின்றால் டிரம்மில் இருக்கிற பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டும். நைட்ரேட் சோதனையில் இரண்டாவது பாட்டிலை அரை நிமிடம் நன்றாகக் குலுக்கவில்லை என்றால் அளவு குறைத்தே காட்டும், ஒரு வருடம் நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

மாடித் தண்ணீர்க் குழாயைத் திருப்பிவிட்டாகிவிட்டது. டிரம்மில் ஒரு வலைப்பையில் இரண்டு கிலோ கிளிஞ்சல் தொங்குகிறது, சுட்டு நீற்றாத வெறும் ஓடு. பி.எச். இறங்கினால்தான் அது வேகமாகக் கரைந்து காரத்தன்மை கொடுக்கும். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தேன், ஓரங்கள் மட்டும் கொஞ்சம் மழுங்கியிருக்கின்றன.