எய்பாரா, அர்ராசாட்டேயா, லெகாஸ்பியா? மிஞ்சிய ஒரு நாளுக்கு மூன்று பாஸ்க் தொழில் ஊர்கள்

ஸ்பெயினின் வடக்கே உள்ள பாஸ்க் நாட்டுக்குப் போகிறவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுதான். பில்பாவில் இரண்டு நாள்; அதில் பாதி குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்குப் போய்விடும். பிறகு சான் செபஸ்தியான், பாஸ்க் மொழியில் டொனோஸ்தியா: வளைந்த கடற்கரை, பழைய நகரத்துச் சந்துகள், பின்ச்சோ என்ற சிறுதீனி விற்கும் கடைகள். இவ்வளவும் முடித்தபின் எப்படியும் ஒரு நாள் கையில் நிற்கும். யாரைக் கேட்டாலும் கடலோர மீனவர் ஊர் ஒன்றைச் சொல்வார்கள். அழகான ஊர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாளை உள்நாட்டுப் பள்ளத்தாக்கில், இரும்பை நம்பி வளர்ந்த ஒரு சிறிய ஊரில் கழிக்கலாம் என்பது என் கட்சி.

குகன்ஹைம் நிற்கும் ஆற்றங்கரையே ஒரு காலத்தில் துறைமுகமும் தொழிற்சாலைகளும் இருந்த இடம். 1997இல் அருங்காட்சியகம் திறந்ததிலிருந்து, இரும்பின் காலம் போய்க் கலையின் காலம் வந்துவிட்டது என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பில்பாவுக்கு அது பொருந்தலாம். பக்கத்து கிபுஸ்கோவா மாகாணத்தின் பள்ளத்தாக்குகளுக்குப் பொருந்தாது. அங்கே லேத் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த மலைகளில் இரும்புத்தாது இருந்தது, மரக்கரிக்குக் காடு இருந்தது, வேகமாக இறங்கும் சிற்றாறுகள் இருந்தன. முதலில் உலைகள் மலைமேல் இருந்தன, துருத்தியைக் கையால்தான் ஊதினார்கள். ஆற்று நீரைக் கொண்டு துருத்தியையும் சம்மட்டியையும் இயக்கக் கற்றதும் உலைகள் பள்ளத்தாக்குக்கு இறங்கின. கூடவே ஊர்களும் இறங்கின. எய்பார், அர்ராசாட்டே, லெகாஸ்பி மூன்றுக்கும் இதுதான் பூர்வகதை. ஆனால் பட்டறை யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் மூன்று ஊரும் மூன்று பதில் சொல்கின்றன. நான் ஒப்பிடுவது அதை வைத்துத்தான். எது அழகு என்று பார்த்தால் மூன்றுமே கடலோர ஊர்களிடம் தோற்கும்.

மூன்றில் உலகப் புகழ் அர்ராசாட்டேவுக்குத்தான். ஸ்பானியப் பெயர் மோன்ட்ராகோன். கூட்டுறவு பற்றிப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் போதும். 1941இல் ஹோசே மரியா அரிஸ்மெந்தியர்ரியெத்தா என்ற இளம் பாதிரியார் இங்கே வந்தார். 1943இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அவரிடம் படித்த ஐந்து பேர் 1956இல் உல்கோர் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரே அவர்களுடைய பெயர்களின் எழுத்துகளைச் சேர்த்துக் கட்டியது. முதலில் செய்த பொருள்களில் ஒன்று மண்ணெண்ணெய் அடுப்பு. 1959இல் தங்களுக்கென்று ஒரு வங்கி. இன்று சுமார் எண்பது கூட்டுறவுகள், எழுபதாயிரம் தொழிலாளர்கள். உறுப்பினராகச் சேரும்போது சுமார் 15,000 யூரோ பங்குப்பணம் கட்ட வேண்டும். அதைச் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வதும் உண்டு. யார் எவ்வளவு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. அடிமட்டச் சம்பளத்துக்கும் உச்சச் சம்பளத்துக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒன்றுக்கு ஆறைத் தாண்டாது.

கேட்கப் பிரமாதமாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் என்னவென்றால் இதில் எதையும் கண்ணால் பார்க்க முடியாது. கொள்கைக்கு நினைவுச்சின்னம் கிடையாது. ஊருக்குள் நுழைந்தால் 1260இல் அரசர் சாசனம் கொடுத்த பழைய நகரின் சில தெருக்கள், வளைவு வாசல்கள், ஒரு கோயில், காபிக் கடைகள். ஒன்றரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். மேலே மலைச்சரிவில் தெரிகிற தலைமை அலுவலகத்தில் சும்மா போய் எட்டிப் பார்க்க முடியாது. குழுவாகப் போகிறவர்கள் முன்கூட்டியே எழுதி ஏற்பாடு செய்துகொண்டால் கூட்டுறவின் கதையை உட்காரவைத்து விளக்குவார்கள். அந்த ஏற்பாடு இல்லாமல் போனால், பிரபலமான வீட்டின் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியது போல ஆகிவிடும்.

அர்ராசாட்டேயைப் புனிதத்தலமாக்கிப் பேசுகிறவர்களிடமும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. உல்கோரின் வாரிசான ஃபாகோர் வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம் 2013இல் திவாலானது. வேலை போன உறுப்பினர்களில் பெரும்பாலானோருக்கு மற்றக் கூட்டுறவுகளில் இடம் கிடைத்தது, அல்லது முன்கூட்டியே ஓய்வு கொடுத்தார்கள். ஆனால் தங்கள் சேமிப்பை அங்கே போட்டிருந்தவர்கள் நிறைய இழந்தார்கள். 2022 கடைசியில் ஓரோனா, உல்மா என்ற இரண்டு பெரிய கூட்டுறவுகள் ஓட்டெடுப்பு நடத்தி வெளியேறின. இதையும் தெரிந்துகொண்டு போனால் ஊர் சுவாரசியமாகவே இருக்கும். காபிக் கடையில் பக்கத்து மேசையில் இருப்பவர் ஒரு தொழிற்சாலையின் பங்குதாரராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

லெகாஸ்பி இதற்கு நேர் எதிர். எட்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். பார்ப்பதற்கு மூன்றில் அதிகம் இருப்பது இங்கேதான். மிரண்டவோலா என்ற பழைய உலைக்கூடம் ஊருக்கு வெளியே உரோலா ஆற்றோரப் பூங்காவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை இயக்கிக் காட்டுவார்கள். மதகைத் திறந்ததும் நீர்ச்சக்கரம் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கும், துருத்தி ஊதும். அப்புறம் அந்த ராட்சதச் சம்மட்டி செக்கச்சிவந்த இரும்பின் மேல் விழும். முதல் அடியிலேயே நெஞ்சு அதிரும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதற்குமேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. வாரநாளில் போனால் சம்மட்டி அசையாமல் கிடக்கும். அப்போது அது வெறும் மரமும் இரும்பும்தான்.

மிரண்டவோலாவுக்கு ஒரு கதையும் உண்டு. 1580 மே 3, திருச்சிலுவைத் திருநாள். ஓய்வுநாள் என்று பாராமல் கொல்லர்கள் வேலை பார்த்தார்களாம். எவ்வளவு தாதுவைக் கொட்டினாலும் இரும்பு சேரவில்லை. கடைசியில் சிலுவை வடிவத்தில் ஒரே ஒரு சிறு துண்டுதான் கிடைத்ததாம். அதே உலையை இன்று ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமைதான் ஓட்டிக் காட்டுகிறார்கள் என்பதை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

இந்த உலையை 1952இல் புதுப்பித்தவர் பத்ரிசியோ எச்செவெரியா. பட்டறை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு லெகாஸ்பியின் பதில் அவர்தான். 1908இல் சின்னப் பட்டறையாகத் தொடங்கி, மண்வெட்டி, கோடாலி, மண்வாரி என்று கைக்கருவிகளைச் செய்து பெரிய ஆலையாக வளர்த்தார். பெயோட்டா என்பது அந்தக் கருவிகளின் பெயர். ஸ்பானிய மொழியில் ஓக் மரத்தின் கொட்டை என்று அர்த்தம், முத்திரையும் அதுவே. தொழிலாளர்களுக்கு வீடுகளும் பள்ளியும் அவர் காலத்தில் வந்தன. 1950களின் தொழிலாளர் வீடு ஒன்றையும் வகுப்பறை ஒன்றையும் அப்படியே வைத்துக் காட்டுகிறார்கள். உலையைவிட எனக்கு மனதில் நின்றது அந்த வீடுதான். அடுப்படி, சாப்பாட்டு மேசை, சுவரில் தொங்கும் சாமி படம். வேலை, வீடு, பிள்ளையின் படிப்பு எல்லாம் ஒரே மனிதரின் நிழலில் கிடைத்தால் அந்த நிழலைவிட்டு எப்படி வெளியே வருவது? வழிகாட்டி அந்தக் கேள்வியை எழுப்புவதில்லை. நாம்தான் மனதில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிற்பி எதுவார்தோ சில்லிடா தன்னுடைய பெரிய எஃகு வேலைகள் பலவற்றை இந்த ஆலையின் தொழிலாளர்களோடு சேர்ந்துதான் செய்தார். அவருடைய 'காற்றின் சீப்பு' டொனோஸ்தியா கடற்கரையின் ஓரத்தில் பாறைகளில் பொருத்தப்பட்டிருக்கிறது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு மறுநாள் லெகாஸ்பிக்கு வருவது நல்ல வரிசை.

சரி, எய்பார். முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன்: ஊர் அழகாக இல்லை. ஏகோ ஆற்றின் பள்ளத்தாக்கு மிகக் குறுகல். தட்டையான நிலமே கிடையாது என்பதால் ஊர் மேல்நோக்கி வளர்ந்திருக்கிறது. பட்டறைகளே பல மாடிகளாக நிற்கின்றன. கீழே பட்டறையும் மேலே குடித்தனமுமாக இருக்கும் கட்டடங்களும் உண்டு. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு ஏற லிஃப்டும் எஸ்கலேட்டரும் வைத்திருக்கிறார்கள். 1937 ஏப்ரலில், உள்நாட்டுப் போரின்போது, குண்டுவீச்சில் நடு ஊர் பெரும்பகுதி அழிந்தது. அதனால் பழைய தெரு, கல் வீடு என்று தேடினால் ஏமாற்றம்தான்.

ஆனால் கதை இங்கேதான் இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்காக எய்பார் துப்பாக்கி செய்த ஊர். ஒரே முதலாளி, ஒரே ஆலை என்று இல்லை. ஒருவர் குழல் துளைப்பார், ஒருவர் விசை செய்வார், இன்னொருவர் மரக்கட்டை இழைப்பார், வேறொருவர் இரும்பில் பொன்னிழை பதிப்பார். அந்தப் பொன்வேலையில் பேர்பெற்ற பிளாசிதோ சுலோவாகாவின் மகன்தான் ஓவியர் இக்னாசியோ சுலோவாகா. 1870இல் இங்கே பிறந்தார். முதல் உலகப்போரில் பிரெஞ்சு ராணுவத்துக்காக ரூபி வகைக் கைத்துப்பாக்கிகளை இந்த ஊர்ப் பட்டறைகள் மலைமலையாகச் செய்து அனுப்பின. போர் முடிந்ததும் வாங்க ஆள் இல்லை.

அங்கிருந்துதான் எய்பார் என்னை ஈர்க்கிறது. கையில் இருந்த வித்தையை வேறு பொருளுக்குத் திருப்பினார்கள். துப்பாக்கிக் குழல் செய்த கைக்கு சைக்கிள் குழாய் எவ்வளவு தூரம்? 1840இல் துப்பாக்கிக்காகத் தொடங்கிய ஓர்பேயா சைக்கிளுக்கு மாறியது. 1909இல் அதே போலத் தொடங்கிய பெஇஸ்தெகி சகோதரர்களின் பிஎச் நிறுவனமும் மாறியது. ரிவால்வர் செய்த எல் காஸ்கோ 1930களில் ஸ்டேப்ளர் செய்ய ஆரம்பித்தது. அதன் ஸ்டேப்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்தக் கனமும், அழுத்தும்போது வரும் 'க்ளிக்'கும் எங்கிருந்து வந்தவை என்று சொல்லாமலே விளங்கும். ஆல்ஃபா தையல் மெஷின் கதை இன்னும் ருசி: 1920இல் சோஷலிசத் தொழிற்சங்கத்தார் கூட்டுறவாகத் தொடங்கிய ஆயுதப் பட்டறை, சில ஆண்டுகளிலேயே தையல் மெஷினுக்குத் தாவியது. அர்ராசாட்டேயில் அந்த ஐந்து பேர் ஆரம்பிப்பதற்கு முப்பத்தாறு வருடம் முன்னாலேயே! அப்புறம் ஓர்பேயாவும் கூட்டுறவாகி மோன்ட்ராகோன் குழுமத்தில் சேர்ந்தது. அதன் தொழிற்சாலை இப்போது பக்கத்து மல்லாவியாவில் இருக்கிறது. பள்ளத்தாக்குகள்தான் வேறு, ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க போர்தாலேயா கலாச்சார மையத்தில் ஆயுதத் தொழில் அருங்காட்சியகம் இருக்கிறது. துப்பாக்கி பிடிக்காதவர்களும் போகலாம். அங்கே கதாநாயகர்கள் கருவிகளும் கைகளும்தான். பிறகு உன்ட்சாகா சதுக்கத்தில் உட்காருங்கள். 1931 ஏப்ரல் 14 அதிகாலை, மாட்ரிட் விழித்துக்கொள்வதற்கு முன்பே, இந்த ஊர் நகரமன்றத்தில் குடியரசுக் கொடியை ஏற்றிவிட்டது. ஸ்பெயினில் இரண்டாம் குடியரசை முதலில் அறிவித்த ஊர் எய்பார். முதலாளிக்குப் பயப்படாத சின்னப் பட்டறைக்காரர்களும் சங்கக்காரர்களும் நிறைந்த ஊரில் இது நடந்ததில் ஆச்சரியம் என்ன?

கால்பந்து பிடிக்குமென்றால் இபுருவா மைதானம் இருக்கிறது. சுமார் எட்டாயிரம் இருக்கை, அவ்வளவுதான். மொத்த ஊரே இருபத்தேழாயிரம் பேர். 2014இல் ஊர் அணி ஸ்பானியக் கால்பந்தின் முதல் பிரிவுக்குத் தகுதி பெற்றபோது விதிப்படி மூலதனத்தை உயர்த்த வேண்டியிருந்தது; சிறு பங்குகளாக விற்று, பல நாட்டு ரசிகர்களிடமிருந்து பணம் சேர்த்தார்கள். 2021 வரை பார்சிலோனாவும் ரியல் மாட்ரிடும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து விளையாடின. அணியின் செல்லப் பெயர் 'துப்பாக்கிக்காரர்கள்' என்பதையும் சொல்ல வேண்டுமா?

போக்குவரத்தில் எய்பாருக்கும் லெகாஸ்பிக்கும் குறையில்லை. பில்பாவுக்கும் டொனோஸ்தியாவுக்கும் இடையே ஓடும் எவுஸ்கோட்ரென் குறுகிய பாதை ரயில் எய்பார் வழியாகவே போகிறது. மெதுவான ரயில், அவசரமென்றால் பஸ். லெகாஸ்பிக்கு டொனோஸ்தியாவிலிருந்து பிரின்கோலா போகும் புறநகர் ரயில். அர்ராசாட்டேவுக்கு ரயிலே கிடையாது. இருந்த பாதையை 1967இல் மூடிவிட்டார்கள். பஸ்தான், அல்லது வாடகைக் கார். கார் எடுத்தால் வழியில் பெர்காராவில் அரை மணி நேரம் நில்லுங்கள். 1783இல் டங்ஸ்டன் தனிமத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தது அங்கே, எல்ஹூயார் சகோதரர்கள். மூன்று ஊரிலும் மதியச் சாப்பாட்டுக்குத் தொழிலாளர்கள் போகும் கடையில் 'அன்றைய மெனு' கேளுங்கள். சைவக்காரர்கள் முன்னாலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. பீன்ஸ் குழம்பில்கூட பன்றிக்கறித் துண்டு மிதக்கலாம்.

அரை நாள்தான் இருக்கிறது, பில்பாவைவிட்டு அதிகம் நகர முடியாது என்பவர்களுக்கு வேறு வழி: மெட்ரோ ஏறி போர்துகாலேதே. 1893இல் கட்டிய தொங்கு பாலத்தில், கம்பிகளில் தொங்கும் கூண்டு ஆட்களையும் கார்களையும் ஆற்றின் அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அது ஊரல்ல, ஒரு காட்சி; ஆனால் நல்ல காட்சி.

என் வரிசை இதுதான். ஞாயிற்றுக்கிழமை, கூட குழந்தைகள் என்றால் லெகாஸ்பி. கூட்டுறவில் உண்மையான அக்கறை இருந்து, முன்னமே எழுதிச் சந்திப்பு வாங்கியிருந்தால் அர்ராசாட்டே. மற்ற எல்லா நாளும், மற்ற எல்லாருக்கும் எய்பார். வாரநாளாக இருந்தால் இன்னும் நல்லது, பட்டறைகளின் சத்தம் தெருவுக்குக் கேட்கும். குடையை மறக்காதீர்கள். ஊர்க்காரர்கள் சிரிமிரி என்று சொல்லும் பொடித்தூறல் அந்தக் குறுகிய பள்ளத்தாக்குக்குள் வந்துவிட்டால் லேசில் வெளியே போகாது.