ஹெலிடெக் எரிபொருள் அமைப்பு: தூக்கி வரும் டேங்கா, நிலையான டேங்கா, கப்பலுக்குள் கட்டிய டேங்கா?

கடலில், ஹெலிடெக் எனும் இறங்குதளத்தில், ஹெலிகாப்டருக்கு எரிபொருள் நிரப்பும் அமைப்பை வாங்க வருபவர்கள் பெரும்பாலும் பம்பின் வேகத்திலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். நிமிடத்துக்கு 225 லிட்டர் என்பது இந்தத் துறையில் வழக்கமான அளவு. ஏடபிள்யூ139 ஹெலிகாப்டரின் டேங்கே சுமார் 1,600 லிட்டர்தான். அதில் பாதியை நிரப்ப நான்கு நிமிடம்கூட ஆகாது. வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. எரிபொருள் எந்த வழியாக மேலே ஏறுகிறது, எத்தனை நாள் கிடக்கிறது, அதற்குள் நுழையும் தண்ணீர் எங்கே தேங்குகிறது: இந்த மூன்றில்தான் அமைப்புகள் வேறுபடுகின்றன.

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள். மும்பை ஹை எண்ணெய் வயல் கரையிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர். நேராகப் போய்த் திரும்பும் பயணத்துக்குக் கரையில் நிரப்பியதே போதும். ஒரே ஹெலிகாப்டர் ஒரு எண்ணெய் மேடையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் நாளிலும், கரையில் வானிலை கெட்டு மாற்றுத் தளத்துக்கான கூடுதல் இருப்பு வேண்டியபோதும்தான் கடலில் நிரப்ப வேண்டியிருக்கும். மாதத்துக்கு ஓரிரு முறைதான் அந்த நிலை வரும் என்றால், எங்கள் கருத்தில் அமைப்பே வேண்டாம். தேங்கிக் கிடக்கும் ஜெட் ஏ-1 (ஹெலிகாப்டருக்கு ஊற்றும் எரிபொருள்), இல்லாத ஜெட் ஏ-1-ஐவிட ஆபத்தானது.

டிரான்சிட் டேங்க் மட்டும்

கரையில் நிரப்பி, முத்திரையிட்டு, சப்ளை கப்பலில் வந்து, கிரேனில் ஏறும் டேங்கிலிருந்து நேராகப் பம்புக்கு இணைப்பது இந்த முறை. 2,700 லிட்டர் டேங்கில் எரிபொருள் மட்டுமே 2.1 டன்னுக்கு மேல். சட்டகத்தோடு சேர்த்தால் மூன்று டன்னைத் தாண்டும். உங்கள் கிரேன், ஆடும் சப்ளை கப்பலிலிருந்து அந்த எடையை எவ்வளவு தூரம் கை நீட்டி எடுக்கும் என்பதை முதலில் பாருங்கள். சட்டகத்துக்கும் தூக்குச் சங்கிலிக்கும் கடல்சார் கொள்கலன்களுக்கான ஐஎஸ்ஓ 10855 தரநிலை, டேங்குக்கு ஆபத்தான சரக்கைக் கடலில் கொண்டுசெல்வதற்கான ஐஎம்டிஜி விதிப்படி இரண்டரை ஆண்டு, ஐந்தாண்டு சோதனைகள் என்று இரண்டு சான்றிதழ்த் தேதிகள் தனித்தனியாக ஓடும்.

பெரிய நன்மை, கெட்ட டேங்கை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம். கழுவும் வேலை கரையில் நடக்கும். மூன்று டேங்குக்குக் குறைவாக வாங்காதீர்கள்: ஒன்று பயன்பாட்டில், ஒன்று தெளிந்துகொண்டு, ஒன்று வழியில். தொல்லை இணைப்பில்தான். ஒவ்வொரு மாற்றத்திலும் ஹோஸ் முனை உப்புக் காற்றுக்குத் திறக்கிறது. தூசி மூடி தொலைந்த நாளிலிருந்து சாம்பிள் ஜாடியின் அடியில் துரு தெரியத் தொடங்கும்.

நிலையான டேங்க்

நிலையான மேடைக்கு, தினமும் பயன்பாடு இருந்தால், இதுதான் சரி. அடித்தளம் 30-க்கு 1 சரிவில் தண்ணீர் சேரும் குழியான சம்ப் நோக்கி இறங்க வேண்டும். மேல்மட்ட எரிபொருளை மட்டும் எடுக்கும் மிதவை உறிஞ்சுகுழாய் வேண்டும். புதிய எரிபொருளை ஏற்றிய பின் மீட்டர் ஆழத்துக்கு 3 மணி நேரம் தெளியவிட வேண்டும்; அதுவரை அந்த டேங்கிலிருந்து எடுக்க முடியாது. எனவே நிலையான டேங்க் என்றால் இரண்டு. விலைப்பட்டியலில் ஒன்றுதான் இருக்கும்! வழியில் துத்தநாகம் பூசிய குழாயோ செம்புக் கலவையோ எரிபொருளைத் தொடக்கூடாது. துருப்பிடிக்காத எஃகே போடுங்கள்.

இதே அமைப்பைக் கப்பலில் வைப்பதுதான் நாங்கள் அடிக்கடி எதிர்க்கும் முடிவு. மேடையில் தண்ணீர் அடியில் இறங்கும். அலையில் உருளும் கப்பலில், பாதி காலியான டேங்க் தளும்பிக்கொண்டே இருக்கும். அங்கே தேற்றாங்கொட்டை போட்டாலும் தெளியாது. மிதவையும் நிலைகொள்ளாது. கப்பலில் தெளிதலை நம்பாமல், தடுப்புத் தகடுள்ள சிறிய டேங்குகளையும் நல்ல ஃபில்டரையும் நம்புங்கள்.

கப்பலுக்குள் கட்டிய டேங்க்

போர்க்கப்பல்களைப் பார்த்து இதைக் கேட்பவர்கள் உண்டு. கடற்படைகள் பயன்படுத்தும் ஜேபி-5-இன் தீப்பற்று வெப்பநிலை குறைந்தது 60 டிகிரி. ஜெட் ஏ-1-க்கு அது 38 டிகிரிதான். வணிகக் கப்பலில் ஜெட் ஏ-1-க்காக இப்படிக் கட்டினால் தனிப்பிரிவு, காற்றுப்போக்கி, வாயு கண்டறிதல், தொலைவிலிருந்து மூடும் வால்வு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். சாதாரண சப்ளை கப்பலுக்கு இது தேவையில்லை.

ஃபில்டரும் பம்பும்

விலையைவிட ஃபில்டரின் வகையைக் கவனியுங்கள். மானிட்டர் எனப்படும் பழைய வகை ஃபில்டரின் கெட்டிகளில் (மாற்றக்கூடிய வடிகட்டிக் குழல்களில்) தண்ணீரை உறிஞ்சி உப்பும் பாலிமர் இருந்தது. 2010-இல் சுரபயாவிலிருந்து ஹாங்காங் சென்ற கத்தே பசிபிக் 780 விமானத்தில், உப்புநீர் கலந்த எரிபொருளோடு அந்தப் பாலிமர் உருண்டைகள் இன்ஜின் வரை போய், எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வைச் சிக்கவைத்தன. கடலில் உப்புநீருக்குப் பஞ்சமில்லை. பழைய கையிருப்பிலிருந்து மானிட்டரைத் தள்ளிவிட வருபவரிடம் வாங்காதீர்கள். துகள்களை மட்டும் தடுக்கும் ஃபில்டரோடு மின்னணு நீர் உணரியைச் சேர்ப்பது ஒரு மாற்று. ஆனால் உணரி காற்றுக்குமிழியையும் தண்ணீர் என்று எண்ணி அலறக்கூடும். நீர்த்துளிகளைத் திரட்டிப் பிரிக்கும் ஃபில்டர் செப்பரேட்டர் எப்படியும் முதல் நிலையில் இருக்கட்டும்.

அந்தச் செப்பரேட்டருக்கு முன்னால் மையவிலக்குப் பம்ப் வைத்தால் தண்ணீர் மிக நுண்ணிய துளிகளாக உடைந்து பிரிவது கடினமாகும். சுழலும் தகடுகளால் தள்ளும் வேன் (vane) வகைப் பம்ப் மென்மையானது. காற்றில் ஓடும் டயஃப்ரம் பம்ப் தீப்பொறிக்குப் பயமில்லாதது, ஆனால் துடிப்போடு தள்ளும். துடிப்பு ஃபில்டருக்கு ஆகாது. ஃபில்டரின் இரு பக்க அழுத்தத்தை ஒப்பிடும் அழுத்தவேறுபாட்டு மீட்டரை நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓட்டத்தில் படித்துவிட்டு ஃபில்டர் நன்றாக இருக்கிறது என்று எழுதுவது வழக்கமான பிழை. முழு ஓட்டத்துக்குத் திருத்திப் பாருங்கள். 15 பிஎஸ்ஐ தொட்டால் கெட்டிகளை மாற்றுங்கள். திடீரென்று குறைந்தால் இன்னும் மோசம், கெட்டி கிழிந்திருக்கும்.

அழுத்த இணைப்பு, ஈர்ப்பு நாசில் இரண்டையும் வாங்குங்கள். மழையில் மூடியைத் திறந்து நாசிலால் ஊற்றக்கூடாது. அழுத்த முறையில் 50 பிஎஸ்ஐ தாண்டாத கட்டுப்பாடும், கையை விட்டதும் நிற்கும் பிடியும் கட்டாயம். எதில் ஊற்றினாலும் முதலில் இணைக்க வேண்டியது, நிலைமின்சாரப் பொறியைத் தவிர்க்கும் பாண்டிங் கேபிள்.

தொழிற்சாலைச் சோதனைக்குப் போகும்போது நிரம்பிய டேங்கில் பம்பை ஓட்டிக் காட்டுவார்கள். கடைசி 300 லிட்டரில், முழு நீள ஹோஸோடு ஓட்டச் சொல்லுங்கள். உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.