பாலத்துக்கு அந்தப் பக்கம் உதிரிபாகம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கையில் இன்னும் கிரீஸ் போகவில்லை. அப்படியே உட்கார்ந்து எழுதுகிறேன். 3,800 வெள்ளி போய்விட்டது. புத்தம் புதுசு என்று சொல்லி என் தலையில் கட்டியது, பெயின்ட் அடித்த பழைய சரக்கு. வீட்டிலேயே காடியைப் பிரித்து வேலை செய்கிறவர்கள் பினாங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 1999 மாஸ்டா எம்எக்ஸ்-5. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பிரேக் எல்லாம் குளுகோர் வீட்டுப் போர்ச்சில் நானே மாற்றியவை. போனட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும் காடி அது. இந்த வருஷம் அப்சார்பர் நான்கும் ஓய்ந்துவிட்டன. தெலுக் பஹாங்கிலிருந்து பாலேக் பூலாவ் போகும் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வண்டி தள்ளாடியது. சரி, இனி காயில்ஓவர்தான் (ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த செட்) என்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஏழு மாதம் ஓவர்டைம் பார்த்துக் காசு சேர்த்தேன்.

பெருநிலத்தில் ஹாஃப் கட் எஞ்சினும் (பாதியாக வெட்டிக் கொண்டுவந்த பழைய காடிகளின் எஞ்சின்) ஜப்பான் உதிரிபாகமும் விற்கிற கடை ஒன்று. பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன். போன உடனே முதலாளி வெளியே வந்தார். முதல் கேள்வி காடியைப் பற்றி இல்லை. "தம்பிக்கு எந்தத் தோட்டம்?" என்றார். அப்பா சுங்கைப் பட்டாணி பக்கம் தோட்டத்தில் பிறந்தவர் என்றேன். "அட, நம்ம ஊரு! எங்க தாத்தா அங்கதான் பால் வெட்டினாரு," என்று தோளில் கை போட்டார். பையனை அனுப்பி தே தாரிக் வாங்கி வரச் சொன்னார். போனில் தன்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரின் படங்களைக் காட்டினார். வீட்டிலேயே மாட்டப் போகிறேன் என்றதும், "அப்படித்தான் இருக்கணும் தம்பி, இப்ப உள்ள பசங்க எல்லாத்துக்கும் வொர்க்‌ஷாப் ஓடுறானுங்க," என்றார். அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன். என் அப்பா சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

காயில்ஓவர் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். "சீல் போட்டது, பிரிச்சா வாரண்டி போயிடும்" என்றார். காசை வேறொரு பெயரில் உள்ள கணக்குக்கு மாற்றச் சொன்னார், மனைவி பெயராம். ரசீது நாளைக்கு வாட்ஸ்அப்பில் வரும் என்றார். 3,800 வெள்ளியை அங்கேயே நின்று அனுப்பினேன்.

சனிக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தேன். ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் ஆர்மின் நீண்ட போல்டைக் கழற்றி, ஒவ்வொன்றாக மாற்றினேன். ஆர்மின் ரப்பர் புஷ்களைப் பிடிக்கும் போல்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் காடியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். அதனால் எடை முழுக்கச் சக்கரத்தில் இறங்கிய பிறகு, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முறுக்கும் ஸ்பானர்) வைத்துத்தான் கடைசி முறுக்கு கொடுத்தேன். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்பது கொஞ்சத்தில் புரியும்.

ஒரு சுற்று ஓட்டினேன். முன் இடது பக்கம் ஒவ்வொரு மேட்டிலும் டக், டக் என்று சத்தம். திரும்பக் கழற்றினேன். அப்சார்பருக்குள் ஏறி இறங்கும் ராடைத் துணியால் துடைத்தால் துணி முழுக்க எண்ணெய். அடி வளையத்துப் பெயின்டை நகத்தால் சுரண்டினேன், தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே மரையில் துரு. அப்சார்பரின் கடினத்தைக் கூட்டிக் குறைக்க மேலே உள்ள நாப் 32 கிளிக் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அது கிளிக்கே இல்லாமல் தண்ணீர்க் குழாய் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. பின் பக்கத்தில் ஒன்றும் அதே கதிதான்.

படமும் வீடியோவும் எடுத்து அனுப்பினேன். முதல் நாள், "பாக்குறேன் தம்பி." இரண்டாம் நாள், "சப்ளையரைக் கேக்குறேன்." நான்காம் நாள் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "நீ வீட்டுல மாட்டினதால வந்த பிரச்சினை இது. வொர்க்‌ஷாப்ல மாட்டியிருந்தா வாரண்டி பாத்திருப்பேன்." தோளில் கை போட்டு, அப்படித்தான் இருக்கணும் என்று சொன்ன அதே வாய்! டார்க் ரெஞ்சை எப்படித் தப்பாகப் பிடித்தாலும் மரையில் துரு வருமா? பெயின்டுக்கு அடியில் துரு வருமா?

நேரில் போனேன். கல்லாவில் இருந்த பையன், அண்ணன் ஜப்பானுக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்கிறார் என்றான். பின்னால் லோரி நிற்கிற பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது. எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். உள்ளே போகப் பார்த்தால் இரண்டு பேர் குறுக்கே வந்து நின்றார்கள். "இந்தச் சாமான் எங்க கடையிலேருந்து போனதுக்கு ரசீது இருக்கா?" என்றான் பையன். 3,800 வெள்ளி கொடுத்தவனைப் பார்த்து அந்தக் கேள்வி. வீடு வந்து சேர்வதற்குள் என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்கள்.

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பெட்டியைக் கடையிலேயே பிரியுங்கள், விடமாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள். ராடைத் துடையுங்கள், நாபைத் திருப்பி எண்ணுங்கள், மரையை டார்ச் அடித்துப் பாருங்கள். கடைப் பெயரும் "புதியது" என்ற சொல்லும் உள்ள ரசீது கையில் வராமல் காசு அனுப்ப வேண்டாம். வேறு ஆள் கணக்கு என்றால் அங்கேயே நிறுத்துங்கள். மோசடிக் கணக்கா என்று தேடிப் பார்க்கும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள், நான் பார்க்கவில்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். திங்கட்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன். ரசீது இல்லாவிட்டாலும் காசு அனுப்பிய வங்கிப் பதிவும் அந்த வாய்ஸ் மெசேஜும் இருக்கின்றன. இதே மாதிரி கடையில் இதே மாதிரி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் தனியாக எழுதுங்கள், சேர்ந்து போவோம்.

பழைய அப்சார்பர்களைத் தூக்கி எறியவில்லை. அவற்றைத்தான் திரும்ப மாட்டிக்கொண்டிருக்கிறேன். முன்பக்கம் முடிந்தது, பின்பக்கம் இரண்டும் பாக்கி.