5 எச்.பி. சோலார் பம்புக்கு எந்த ட்ராக்கர்?

உடுமலை, பல்லடம் பக்கம் போர்வெல்லுக்கு 5 எச்.பி. சோலார் பம்ப் போடப் போனால் பேனலைச் சூரியன் பக்கம் திருப்பும் ஸ்டாண்டு, அதாவது ட்ராக்கர், மூன்று வகை காட்டுவார்கள். கையால் திருப்புவது, கிழக்கு மேற்காகத் தானே திரும்பும் ஒற்றை அச்சு, எல்லாப் பக்கமும் திரும்பும் இரட்டை அச்சு.

இரட்டை அச்சு வேண்டாம். இந்தப் பகுதி இருக்கும் 11 டிகிரி அட்சரேகையில் சித்திரை முதல் வாரம் தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. மார்கழியில்கூட 35 டிகிரிக்கு மேல் சாயாது. வடக்கு தெற்காகவும் திருப்பிக் கிடைப்பது சில சதவீதம்தான். அதற்கு இன்னொரு மோட்டாரும் இன்னொரு மூட்டும் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

ஒற்றை அச்சு, நிலையான ஸ்டாண்டைவிடச் சுமார் 15 முதல் 20 சதவீதம் கூடுதல் மின்சாரம் தரும். தண்ணீரில் லாபம் அதற்கும் மேல். பம்பின் வேகம் பாதியானால் அது தூக்கும் உயரம் கால் பங்காகிவிடும். வெயில் சரிந்து விழும் காலையிலும் மாலையிலும் மோட்டார் சுற்றும், தண்ணீர் மேலே வராது. பேனல் சூரியனைப் பார்த்தே நின்றால் தண்ணீர் சீக்கிரம் ஏறும், சாயங்காலம் தாமதமாக நிற்கும். ஊற்று குறைந்த போர்வெல்லுக்கு இந்தக் கூடுதல் நேரம்தான் முக்கியம்.

தோட்டத்திலேயே ஆள் இருந்தால் கைத் திருப்பே போதும். காலை கிழக்கு, மதியம் மட்டம், மூன்று மணி வாக்கில் மேற்கு என்று மூன்று முறை ஸ்டாண்டைப் பூட்டும் ஊசியை மாற்றினால் லாபத்தில் பெரும்பகுதி வந்துவிடும். ஆள் தங்காத தோட்டத்துக்குத்தான் தானியங்கி.

அதை வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது காற்றைப் பற்றி. 540 வாட் பேனல் 9 மாட்டினால் பரப்பு சுமார் 23 சதுர மீட்டர். கட்டுமானங்கள் தாங்க வேண்டிய சுமைகளைச் சொல்லும் ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையில் கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 கிலோ. சென்னையில் அதுவே 50 மீட்டர், 150 கிலோவைத் தாண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் சாய்ந்து நிற்கும் பேனல் பாய்மரம் மாதிரி. காற்றுமானி வேகத்தைப் பார்த்ததும் ட்ராக்கர் தானாக மட்டத்துக்கு வர வேண்டும், ராத்திரியும் மட்டத்தில்தான் கிடக்க வேண்டும். பேனலைத் தள்ளித் திருப்பும் மோட்டார் தண்டான ஆக்சுவேட்டரின் திருகு தானே பூட்டிக்கொள்ளும் வகை. கரண்ட் போனால் நின்ற இடத்திலேயே நின்றுவிடும், மட்டத்துக்கு வராது. அதனால் ட்ராக்கரை இயக்கும் கண்ட்ரோலருக்குத் தனி பேட்டரி இல்லாத மாடலை எடுக்கவே கூடாது.

ஒளி சென்சாரை நம்பி ஓடும் மாடல் மேகம் கலைந்து கூடும் நாட்களில் சும்மா முன்னும் பின்னும் அலையும், தூசி படிந்தால் திசை தவறும். நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை வைத்துச் சூரியன் இருக்கும் இடத்தைக் கணக்கிடும் கண்ட்ரோலரே நல்லது. மாட்டிய அன்றே அதில் நேர மண்டலம் 5.30 என்று இருக்கிறதா பாருங்கள். 5 என்றோ 6 என்றோ பதிந்திருந்தால் அரை மணி நேரப் பிசகு, அதாவது 7.5 டிகிரி. ஒரே ஸ்டாண்டில் ஒரு சதவீதம்கூடப் போகாது. பல வரிசை இருந்தால் கதை வேறு. காலை மாலையில் முன்வரிசை நிழல் பின்வரிசையில் விழாமலிருக்க கண்ட்ரோலர் பேனலைக் கொஞ்சம் பின்வாங்கி நிறுத்தும். நேரம் பிசகினால் அந்தக் கணக்கே கெட்டு நிழல் விழ ஆரம்பிக்கும்.

பணம் முழுவதும் கொடுக்கும் முன் கைமுறை பட்டனில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓட்டச் சொல்லுங்கள். நிறுத்திவிட்டு பேனல் விளிம்பைப் பிடித்து ஆட்டினால் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் ஆடக் கூடாது. ஆக்சுவேட்டர் தண்டின் ரப்பர் உறை கிழிந்தால் மழைநீர் இறங்கி, தண்டைக் கோடியில் நிறுத்தும் லிமிட் சுவிட்ச் போகும். உறை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள். திரும்பும் மூட்டின் இரு பக்கமும் பின்னல் செம்புப் பட்டையால் எர்த் இணைந்திருக்க வேண்டும், பேரிங்கை நம்பக் கூடாது. டி.சி. ஒயர் அந்த இடத்தில் வளையமாகத் தொங்கட்டும். இழுத்துக் கட்டியிருந்தால் தினமும் வளைந்து வளைந்து உள்ளே செம்பு அறுந்து போகும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.